மேசைமேல் ஓடும் புகையிரதம்

ஒருகொடவத்தை என்றதும் கொழும்பு மக்களின் மனக்கண்முன் தோன்றுவன கொள்கலன் ஏற்றிய லொறிகளும், எண்ணெய்க் குதங்களும், அவிசாவளை வீதியின் ஓயாத நெரிசலுமேயாம். அழகை நாடி அங்கே செல்வார் எவருமிலர். ஆயினும் புகையிரதத்தை நேசிக்கும் ஒருவனுக்கு அவ்விடம் வேறொரு முகத்தைக் காட்டும். தெமட்டகொடை எஞ்சின் கொட்டகை அதற்கு அண்மையில் உள்ளது. கொலன்னாவைக் குதங்களுக்கு எண்ணெய்த் தாங்கி வண்டிகள் சென்று மீளும் கிளைப்பாதையும் அப்பக்கத்திலேயே உள்ளது. இத்தகைய சூழலில் வளரும் பிள்ளை, எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகுமுன்னரே ஊதொலியைக் கொண்டு எஞ்சினின் இனத்தைக் கூறப் பழகிவிட்டால் அதில் வியப்பில்லை. வளர்ந்த பின்னரும் அந்த ஆசை அவனை விடாதாயின் அவன் செய்யக்கூடியது யாது? எஞ்சின் சாரதியாகலாம், அது யாவர்க்கும் வாய்ப்பதன்று. மற்றொரு வழியும் உண்டு. தன் வீட்டு மேசைமேல் ஒரு புகையிரதப் பாதையைத் தன் கையாலேயே அமைத்துக்கொள்ளலாம்.

இதனைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று நகைப்போர் பலர். நகைப்பதற்குக் காரணமும் உண்டு. ஏனெனில் இக்கலை பிறந்தது விளையாட்டுப் பொருளிலிருந்துதான். 1891ஆம் ஆண்டு ஜேர்மனியின் லைப்சிக் சந்தையில் மார்க்லின் என்னும் நிறுவனத்தார், திட்டமான அகலங்களையுடைய தண்டவாளத்தில் ஓடும் பொம்மை வண்டிகளை முதன்முதலாக விற்பனைக்கு வைத்தனர். அதற்கு முன்னிருந்த பொம்மை வண்டிகள் தனித்தனிப் பொருள்கள். ஒருவருடையது மற்றொருவரின் பாதையில் ஓடாது. பொது அளவு ஒன்று வந்ததும், இன்று ஓர் எஞ்சின், அடுத்த பிறந்தநாளுக்கு இரண்டு பெட்டி, அதன்பின் ஒரு பாலம் என்று பாதை வளரலாயிற்று. 1920இல் இங்கிலாந்தில் ஹோர்ன்பியின் சாவி கொடுத்து ஓட்டும் வண்டி வந்தது. பிள்ளைகளுக்கு வாங்கிய வண்டியைத் தந்தைமார் கைப்பற்றிக்கொண்டது எந்த ஆண்டில் என்பதை மட்டும் எந்த நூலும் குறிக்கவில்லை. ஆனால் 1910ஆம் ஆண்டிலேயே லண்டனில் வளர்ந்தவர்கள் கூடி இதற்கென ஒரு சங்கம் அமைத்துவிட்டனர். அச்சங்கம் இன்றும் இயங்குகிறது.

பொம்மைக்கும் மாதிரிக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. பொம்மை, பார்ப்பதற்குப் புகையிரதம் போலிருந்தாற் போதும். மாதிரியோ குறித்த ஒரு பாதையின், குறித்த ஓர் ஆண்டின், குறித்த ஓர் எஞ்சினாக இருத்தல் வேண்டும். அந்த எஞ்சினின் நீளத்தை ஒரு குறித்த எண்ணால் வகுத்தால் வருவது எதுவோ அதுவே மாதிரியின் நீளம். உலகிற் பெரிதும் வழங்கும் எச்.ஓ. என்னும் அளவில் அந்த எண் 87. பள்ளிக்கூடத்தில் விகிதசமக் கணக்கைக் கண்டு நடுங்கும் மாணவன், இந்த ஆசை பற்றிக்கொண்டால் தானாகவே நாள்முழுதும் வகுத்துக்கொண்டிருப்பான்.

இலங்கையில் இக்கலையைப் பயில்வோர்க்குத் தனிப்பட்ட இடர் ஒன்று உண்டு. ஐரோப்பியரும் அமெரிக்கரும் கடைக்குச் சென்று தம் நாட்டு எஞ்சினைப் பெட்டியோடு வாங்கி வரலாம். இலங்கைப் புகையிரதத்தின் வண்டிகள் அவ்வாறு கடைகளில் அடுக்கி விற்கப்படுவன அல்ல. தண்டவாளமும் பொருந்தாது. இலங்கையின் அகலப்பாதை 5 அடி 6 அங்குலம். 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் வரும். கடையிற் கிடைக்கும் தண்டவாளமோ 16½ மில்லிமீற்றர். அது 4 அடி 8½ அங்குலம் கொண்ட ஐரோப்பியப் பாதைக்கு உரியது. அதில் இலங்கை எஞ்சினை நிறுத்தினால், உண்மையில் 9½ அங்குலம் ஒடுங்கிய பாதையில் நிற்பது போலாகும். அகன்ற தோளும் ஒடுங்கிய காலுமாகத் தோன்றும். பெரும்பாலோர் அதைப் பொறுத்துக்கொள்வர். இந்தியாவிலும் பலர் அவ்வாறே செய்கின்றனர். பொறாதவர் தண்டவாளத்தைத் தாமே அமைக்க வேண்டும். சக்கரங்களின் அச்சையும் நீட்டவேண்டும். அந்த 2¾ மில்லிமீற்றருக்காக ஒருவர் ஓராண்டு உழைப்பது மற்றவர்க்குப் பைத்தியமாகத் தோன்றலாம். அது பைத்தியமன்று; மெய்யை நாடும் ஒழுக்கம்.

ஆனால் நல்வாய்ப்பு ஒன்றும் இங்கே ஒளிந்திருக்கிறது. களனிப் பள்ளத்தாக்குப் பாதை தொடக்கத்தில் 2 அடி 6 அங்குலக் குறும்பாதையாக இருந்தது. அது யட்டியாந்தோட்டையை அடைந்தது. மற்றொரு கிளை இரத்தினபுரியைக் கடந்து ஓப்பநாயக்க வரை சென்றது. இரத்தினக்கற்களும் இறப்பரும் விளையும் நாட்டினூடே அச்சிறு வண்டிகள் ஊர்ந்தன. பின்னர் கிளைகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. எஞ்சிய அவிசாவளைப் பகுதியும் 1990களில் அகலப்பாதையாக மாற்றப்பட்டது. இப்போது அப்பாதையிற் செல்வோர்க்கு அங்கு முன்பு குறும்பாதை இருந்ததென்பதை அதன் கூரிய வளைவுகளே நினைவூட்டும். 2 அடி 6 அங்குலத்தை 87ஆல் வகுத்தால் 8¾ மில்லிமீற்றர் வரும். கடைகளில் 'என்' அளவு என்ற பெயரில் எளிதாகக் கிடைக்கும் தண்டவாளத்தின் அகலம் 9 மில்லிமீற்றர். வேறுபாடு கால் மில்லிமீற்றர், கண்ணுக்குத் தெரியாது. கட்டாந்தரையில் மறைந்துபோன பாதை மேசைமேல் அமைப்பதற்கு எல்லாவற்றினும் எளிதாயிருப்பது விந்தையே.

அளவைப் போன்றே இடமும் ஒரு பெருங்கேள்வி. மலைநாட்டுப் பாதையின் மிகக் கூரிய வளைவுகளின் ஆரை 5 சங்கிலி, அதாவது 330 அடி. எச்.ஓ. அளவில் அது 3 அடி 9½ அங்குலமாகச் சுருங்கும். வண்டி ஒரு முறை முழுதாகத் திரும்ப வேண்டுமாயின் 7 அடி 7 அங்குலம் வேண்டும். ஒருகொடவத்தையின் சிறு வீடுகளில் அது ஓர் அறையின் அகலம் முழுவதுமாகும். கட்டிலை எங்கே போடுவது? கடைத் தண்டவாளங்களிற் பெரிதும் வழங்குவது 18 அங்குல ஆரை. மெய்யான அளவில் அது 130 அடி. அத்தகைய வளைவில் உண்மையான அகலப்பாதை வண்டி திரும்புவதெங்ஙனம்? தூரக்கணக்கோ இன்னும் அச்சமூட்டுவது. கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். 87ஆல் வகுத்த பின்னரும் நாலரைக் கிலோமீற்றர் நீளும். ஆகவே உருவமைப்போன் யாவற்றையும் அமைக்க முடியாது. எதைக் காட்டுவது, எதை விடுவது என்று தெரிந்தெடுக்க வேண்டும். ஒரு நிலையம், அதனருகே ஒரு கடவை, ஒரு தண்ணீர்த் தாங்கி, ஒரு வேப்பமரம். சிறுகதை எழுதுவோன் செய்வதும் ஏறக்குறைய இதுவே.

இடப் பற்றாக்குறைக்கு மேசைமேற் பொறியியலார் கண்ட உபாயம், பாதையைத் திருகுசுருளாக மேலேற்றுதல். அதனை அவர்கள் தம் கண்டுபிடிப்பென்று பெருமைப்படத் தேவையில்லை. பதுளைப் பாதையில் தெமோதரையில் மெய்யான புகையிரதப் பொறியியலார் அதனையே செய்து வைத்தனர். அங்கே தண்டவாளம் குன்றைச் சுற்றிவந்து, தான் சற்றுமுன் கடந்த நிலையத்துக்கு நேர் கீழேயுள்ள சுரங்கத்தினூடே நுழைகிறது. உலகின் எந்த மாதிரிப் புகையிரதக்காரனுக்கும் அதைக் காட்டினால், மலைநாட்டவர் தன் மேசையைப் பார்த்துக் கட்டினார்களோ என்று ஐயுறுவான்.

மின்சாரத்தைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். இத்தகைய வண்டிகள் பெரும்பாலும் 12 வோல்ற்று நேரோட்டத்தில் ஓடுவன. ஒரு தண்டவாளத்தினூடாக மின் ஏறி, மோட்டரைக் கடந்து, மற்றத் தண்டவாளம் வழியே மீளும். இம்முறையிற் பாதை ஒரு சுற்றுச் சுற்றித் தன்னையே எதிர்முகமாக வந்து சேருமாயின், வலப்பக்கத் தண்டவாளம் இடப்பக்கத்தைத் தொட்டுவிடும். குறுஞ்சுற்று உண்டாகி யாவும் நின்றுவிடும். தொடக்கக்காரர் எல்லோரும் ஒருமுறை இதில் விழுந்தெழுவர். தெமோதரை வளையத்தில் இத்தொல்லை இல்லை. அது தன்னைத் தொடாமல் தனக்கடியிற் சென்றுவிடுகிறது. இப்போது ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனி எண் கொடுத்து, ஒரே பாதையில் பல எஞ்சின்களைத் தனித்தனியே இயக்கும் இலக்கமுறையும் வந்துள்ளது. 1946இல் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் தொடங்கப்பட்ட மாதிரிப் புகையிரதச் சங்கத்தில், மேசைக்கடியில் மின்கம்பி பின்னிக்கொண்டிருந்த மாணவர்களுட் சிலர் பின்பு கணினிகளின் பக்கம் திரும்பினர். 'ஹக்கர்' என்னும் சொல் அவர்களுடைய கொச்சைப் பேச்சிலிருந்தே கணினி உலகுக்குப் பரவிற்று. இன்று அச்சொல்லைக் கேட்டு அஞ்சுவோர், அது பொம்மை வண்டிக்கடியில் வளர்ந்ததை அறியார்.

இவ்வளவும் தனியொருவனின் உழைப்பைப் பற்றியன. ஆனால் இக்கலையின் உயிர்நிலை வேறிடத்தில் உள்ளது. இதைப் பயில்வோர் எங்கே கூடினாலும் முடிந்த வேலையை மட்டும் கொண்டுவருவதில்லை. கூரையில்லாத பெட்டி, வர்ணம் பூசாத எஞ்சின், கடதாசி மட்டையில் வெட்டிய சுவர் ஆகியவற்றையும் கொண்டுவந்து, "இம்மாதம் இவ்வளவு முடிந்தது, இந்த இடத்தில் நின்றுவிட்டேன்" என்று காட்டுவர். மற்றப் பொருள்களில் மனிதர் தம் குறைகளை மறைப்பர். இங்கே குறையையே முன்வைப்பர். முடிந்துவிட்ட பொருளைக் கண்டால் பார்ப்பவன் பாராட்டுவான், அவ்வளவே. முடியாத பொருளைக் கண்டால் அவன் வாய் திறப்பான், கையும் நீட்டுவான்.

இலங்கையிலும் இதனைப் பயில்வோர் சிலர் உளர். கடதாசி மட்டையையும் பிளாஸ்டிக் தகட்டையும் வெட்டி ஒட்டி எஞ்சினை உருவாக்குவர். இப்போது முப்பரிமாண அச்சுப் பொறியும் துணைக்கு வந்திருக்கிறது. பழுதடைந்த கருவிகளிலிருந்து மோட்டரைக் கழற்றுவர். சிறு மின்பொருள் வேண்டின் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு இருக்கிறது. மலைக்கு ரெஜிபோம், மண்ணுக்குக் காய்ந்த தேயிலைச் சக்கை, புல்லுக்குச் சாயமிட்ட மரத்தூள். கனடா நாடு கொழும்புத் திட்டத்தின்கீழ் 1954 முதல் அளித்த எம்.2 டீசல் எஞ்சின்கள் அவர்கள் பெரிதும் விரும்புவன. அவை கனடாவின் மாகாணப் பெயர்களைத் தாங்கியவை. அவற்றுள் 'மானிற்றோபா' 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26 அன்று பெரலியவில் ஆழிப்பேரலையில் அகப்பட்ட வண்டியை இழுத்துச் சென்ற எஞ்சின். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட அவ்விடத்திலிருந்து மீட்கப்பட்டுச் சீர்செய்யப்பட்டு மீண்டும் ஓடியது. இத்தகைய எஞ்சினை உருவமைப்போன் வர்ணத்தைப் பற்றி மட்டும் எண்ணிக்கொண்டிருக்க இயலாது.

அளவுகளைத் திரட்டுவதே அவர்களுக்குப் பெரும்பாடு. கடுகண்ணாவையில், இலங்கைப் புகையிரதத்தின் 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2014 டிசெம்பரில் திறக்கப்பட்ட நூதனசாலையில் பழைய எஞ்சின்களைக் கிட்டிநின்று காணலாம். நிலையக் கட்டடங்களை அளக்க எளிய வழி செங்கல் வரிகளை எண்ணுதல். ஒரு வரியின் உயரம் தெரிந்தால் சுவரின் உயரம் தெரியும். பழைய புகைப்படமாயின் அதில் நிற்கும் மனிதனே அளவுகோல். எண்ணெய்க் குதங்களின் அருகே மட்டும் அளவு நாடாவுடன் செல்லாதிருப்பது நன்று. காவலர்க்கு விகிதசமத்தை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

இவ்வாறு திரட்டியதை ஏன் பிறர்க்குக் காட்டவேண்டும் என்பதற்கு ஜோன் அலன் என்னும் அமெரிக்கரின் வரலாறு சான்று. கலிபோர்னியாவின் மொன்றரே நகரில், வீட்டின் அடித்தளத்தில், தரையிலிருந்து கூரைவரை எழும் மலைகளுடன் அவர் அமைத்த மாதிரிப் பாதை உலகப் புகழ் பெற்றது. 1973 ஜனவரியில் அவர் காலமானார். பத்து நாள்களில் அங்கே தீப்பற்றி அப்பாதையின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. கால் நூற்றாண்டு உழைப்பு ஓரிரவில் அழிந்தது. ஆனால் அவர் தம் வேலையை அது வளர வளரப் படமெடுத்துச் சஞ்சிகைகளுக்கு அனுப்பி வந்தவர். எவ்வாறு செய்தார், எதனாற் செய்தார் என்பதெல்லாம் முன்னரே பிறர் கைக்குப் போயிருந்தன. அவற்றைக் கொண்டு லின் வெஸ்ற்கொற் ஆக்கிய நூல் 1981இல் வெளிவந்தது. எரிந்துபோன பாதையிடம் இன்றும் பலர் பாடம் கேட்கின்றனர்.

இங்கிலாந்தில் நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. 1925இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த ரோய் இங்கிலன்ட் என்ற இளைஞர் புகையிரதம் பார்க்கவே வந்தார். வந்தவர், வெள்ளைக்குதிரைப் பள்ளத்தாக்கின் ஓலை வேய்ந்த பழங்குடிசைகள் கண்முன்னே மாறி மறைவதைக் கண்டார். அவற்றை ஒவ்வொன்றாக அளந்து சிறிதாக்கி அமைக்கத் தொடங்கினார். அதுவே 1954 முதல் பென்டன் நூதனசாலையாக நிலைத்தது. அங்குள்ள கூரையும் சுவரும் தோட்டமும் மெய்யாக இருந்தவற்றின் பதிவுகள். மூலங்கள் பல இப்போது இல்லை, அல்லது உருமாறிவிட்டன. பூனா நகரிலும் ஜோஷி என்பவரின் குடும்பத்தார் 1998இல் திறந்த மாதிரிப் புகையிரத நூதனசாலை உள்ளது. அது காண்போரை மகிழ்விக்கும் அழகிய கற்பனை நகரம். பென்டனோ ஓர் ஆவணம்.

இலங்கைத் தமிழர்க்கு இது தொலைநாட்டுக் கதையன்று. 1905இல் முழுமை பெற்ற வடபாதையில், 1956 முதல் யாழ்தேவி ஓடிற்று. 1990இல் வண்டி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்கு குழிகளுக்குப் போயின, நிலையங்கள் சிதைந்தன. 2014 ஒக்ரோபர் 13 அன்றுதான் யாழ்ப்பாணத்தில் மறுபடியும் வண்டி வந்து நின்றது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறையை அடைந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் அங்கு பிறந்து வளர்ந்தோர் பலர், ஊரில் ஒரு புகையிரதத்தைக் காணாமலே பெரியவராயினர். இப்போது பாதை புதிது, நிலையங்களும் புதியன. கொடிகாமம், நாவற்குழி, சுன்னாகம், தெல்லிப்பழை ஆகிய இடங்களில் முன்பிருந்தவை எவ்வாறிருந்தன என்பது அங்கே பணியாற்றியோர் நினைவிலும், வீடுகளில் எஞ்சிய சில படங்களிலுமே உள்ளது. நிலைய அதிபர்களாகவும் காவலர்களாகவும் பணியாற்றிய தமிழர் பலர். 1980இல் இருபத்தைந்து வயதாயிருந்தவர்க்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்களுட் சிலர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளுடன் வாழ்பவராயிருக்கலாம்.

அத்தகைய ஒருவரிடம் சென்று, பழைய நிலையம் எப்படியிருந்தது ஐயா என்று வினவினால், "வடிவாத்தான் இருந்தது, தம்பி" என்பார். அதற்குமேல் சொல் எழாது. கடதாசி மட்டையிற் செய்த அரைகுறை நிலையத்தை அவர்முன் வைத்தால் நிலைமை வேறு. மூக்குக் கண்ணாடியை எடுத்து அணிவார். "தண்ணித் தாங்கி இந்தப் பக்கமில்லை, அங்கால. இதிலை ஒரு வாங்கு கிடந்தது. இந்தக் கதவு பூட்டியே இருக்கும்" என்று விரலால் தொட்டுத் தொட்டுக் கூறுவார். பிழை கண்டால் திருத்தாதிருக்க எந்த நிலைய அதிபராலும் முடியாது. மாதிரி முற்றுப்பெற்று வர்ணம் பூசிக் கண்ணாடிப் பேழைக்குட் சென்றபின் அவரிடம் காட்டினாற் பயனில்லை; மரியாதைக்கு நல்லதென்பார். ஒட்டிய பசை உலருமுன் காட்டவேண்டும். அதற்கும் காலம் நீளமாயில்லை.

இடமில்லையே என்பது ஒருகொடவத்தைக்காரரின் முறையான முறைப்பாடு. அதற்கும் வழி கண்டிருக்கின்றனர். 1970களில் கலிபோர்னியாவில் 'என்-ட்ராக்' என்ற பெயரில் பரவிய முறையில், எவரும் முழுப்பாதையை அமைப்பதில்லை. ஒவ்வொருவரும் ஒரு பலகை மட்டும் செய்வர். நான்கடி நீளம், இரண்டடி அகலம், கட்டிலுக்கடியிற் செருகிவிடலாம். பலகையின் நடுவே தெமோதரையோ ஆனையிறவோ எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் கொலன்னாவைக் கிளையோ, அது செய்பவர் விருப்பம். ஓரங்கள் மட்டும் யாவர்க்கும் பொது. ஒரு பாடசாலை மண்டபத்தில் விடுமுறை நாளொன்றிற் கூடிப் பலகைகளைப் பொருத்தினால், ஒருவர் வீட்டில் தனியே முடியாத நெடும்பாதை அங்கே அமைந்துவிடும்; ஆனையிறவைக் கடந்த வண்டி அடுத்த பலகையில் தெமோதரைச் சுரங்கத்துள் நுழையலாம். பூகோள ஆசிரியர்கள் பொறுத்தருள்க.

பொருத்துமிடத்தில் தண்டவாளம் ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் வண்டி தடம்புரளும். ஆகவே முதற் கூட்டத்துக்கு வருவோர் இரண்டு அளவுகளை மட்டும் முடிவுசெய்து எழுதிக்கொள்ள வேண்டும்: தண்டவாளம் நிலத்திலிருந்து எத்தனை அங்குல உயரம், பலகையின் முன்விளிம்பிலிருந்து எத்தனை அங்குலம் உள்ளே. அந்தத் தாளுடன் வீடு சென்று, அடுத்த மாதம் எவ்வளவு முடிந்ததோ அவ்வளவையும் கையிலெடுத்து வந்தாற் போதும்.